டூம் என்னும் அழியா ஆட்டம்

பெங்களூரில் விவேக் நகரைக் கடந்து ஈஜிபுரத்தின் பக்கம் செல்வோர் 'நேஷனல் கேம்ஸ் வில்லேஜ்' என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பைக் காண்பர். 1997-ஆம் ஆண்டு இம்மாநிலத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, வீரர்களும் வீராங்கனைகளும் தங்குவதற்கென எழுப்பப்பட்டவை அக்கட்டடங்கள். போட்டிகள் முடிந்தன, வீரர்கள் ஊர் திரும்பினர், குடும்பங்கள் குடியேறின. விளையாட்டின் பெயர் மட்டும் அவ்விடத்தில் நிலைத்துவிட்டது. விவேக் நகரில் வாழும் நாம் ஆட்டோ ரிக்ஷாக்காரரிடம் வழி சொல்லும்போதெல்லாம் அப்பெயரை உச்சரிக்கிறோம். அதே 1997-ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருந்த ஒரு சிறு நிறுவனம், தான் இயற்றிய கணிப்பொறி ஆட்டம் ஒன்றின் மூல நிரலை உலகத்தார் யாவரும் எடுத்துக்கொள்ளலாம் என வெளியிட்டது. அவ்வாட்டத்தின் பெயர் டூம். அது முதன்முதல் வெளிவந்தது 1993 டிசம்பர் 10-ஆம் நாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதனை ஆடுவோர் குறையவில்லை; அதற்குப் புதிய களங்கள் அமைப்போரும் குறையவில்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதே இப்பேச்சில் நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் ஆட்டம் இன்னதென்று கூறிவிடுவோம். நேயர்களுள் பலர் பிள்ளைகள் ஆடக் கண்டிருப்பரேயன்றித் தாம் ஆடியிரார். செவ்வாய்க் கோளுக்குப் போபோஸ், டெய்மோஸ் என இரு துணைக்கோள்கள் உண்டு. வருங்காலத்தில் ஒரு நிறுவனம் அவ்விரண்டிலும் நிலையங்கள் அமைத்து, ஓரிடத்துப் பொருளை மற்றோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் சோதனையை நடத்துகிறது. சோதனை பிழைத்துப்போகிறது. அனுப்பும் வாயிலுக்கும் பெறும் வாயிலுக்கும் நடுவே நரகத்தின் வாயில் திறந்துகொள்கிறது. காவலுக்குச் சென்ற படைவீரருள் எஞ்சியவன் ஒருவனே. அவன்தான் ஆடுவோன். அவனுடைய உருவம் களத்தில் தோன்றுவதில்லை. அவன் கண் காண்பதே திரையாக விரிகிறது. திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த கை. எதிரே மங்கிய கூடங்கள், பச்சை நிற நச்சு நீர், கதவுகள். கதவு ஒவ்வொன்றின் பின்னும் ஏதோ ஒன்று உறுமுகிறது. கதை அவ்வளவே. இதைவிட விரிவான கதையொன்றை டாம் ஹால் என்பவர் எழுதி வைத்திருந்தார். ஏனையோர் அதனை வேண்டாவெனத் தள்ளினர். அவரும் 1993 ஆகஸ்ட் மாதத்தில் அந்நிறுவனத்தை விட்டு விலகினார்.

டூம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தவிர்க்கவியலாத அழிவு என்பது பொருள். தமிழில் ஊழ் என்னும் சொல் ஓரளவு அருகில் வரும். ஆயினும் நம் ஊழில் உள்ள நியாயம் அந்தச் சொல்லில் இல்லை.

இந்த ஆட்டம் நிலைத்ததற்குக் காரணம் யாது என வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை, 'அதில் உள்ள குருதியும் கொலையும்' என்பதே. இவ்விடை நமக்கு உடன்பாடன்று. குருதியில் இதனை மிஞ்சிய ஆட்டங்கள் பின்னாளில் எத்தனையோ வந்தன. அவற்றுள் பலவற்றின் பெயரைக்கூட இன்று நினைவுகூர்வார் இல்லை. இன்றைய கணிப்பொறிகளில் இயங்காதவை பல. டூமின் நீண்ட வாழ்வுக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. அதனைத் தேடுமுன் அதனை ஆக்கியோரை அறிதல் நன்று.

ஆக்கியோருள் ஒருவரை நம் நாட்டார் அறியாமலே அறிவர். 1990-களில் இந்தியப் பள்ளிகளிலும் கணிப்பொறிப் பயிற்சிக் கூடங்களிலும் பயின்றோர், ஆசிரியர் அப்பால் சென்றதும் இரகசியமாகத் திறந்த ஆட்டம் ஒன்று உண்டு. சிவப்புத் தொப்பி அணிந்த சிறு உருவம் ஒன்று துள்ளிக் குதித்து, கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடும். 'டேவ்' என்று சுருக்கமாகச் சொன்னால், இன்று நாற்பது வயதில் இருக்கும் பொறியாளர் பலருடைய முகம் மலர்வதைக் காணலாம். அந்த 'டேஞ்சரஸ் டேவ்' ஆட்டத்தை 1988-இல் ஆப்பிள் கணிப்பொறிக்கென முதலில் இயற்றியவர் ஜான் ரொமேரோ. டூமின் தலைமை ஆக்குநருள் ஒருவர் அவரே. எனவே, டூமின் பெயரைக் கேட்பதற்கு முன்பே நம் பிள்ளைகள் அதன் உறவினனோடு ஆடிக்கொண்டிருந்தனர் எனலாம்.

அந்த உறவு பெயரளவில் நின்றதன்று. ரொமேரோவும் ஜான் கார்மாக் என்னும் இளைஞரும் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் ஒரே நிறுவனத்தில் பணியாற்றினர். அக்காலத்துக் கணிப்பொறிகளில் திரையின் காட்சி பக்கவாட்டில் வழுக்கிச் செல்வது அரிது. ஜப்பானிய நின்டெண்டோ பொறிகளுக்கே அது கைவந்திருந்தது. 1990 செப்டம்பரில் ஓரிரவு கார்மாக் தாம் கண்டறிந்த உத்தியைக் கொண்டு, டாம் ஹாலின் துணையோடு, நின்டெண்டோவின் மாரியோ ஆட்டக் களம் ஒன்றை அப்படியே சாதாரணக் கணிப்பொறியில் அமைத்தார். மாரியோ நிற்க வேண்டிய இடத்தில் நம் டேவை நிறுத்தி, அதற்குப் 'பதிப்புரிமை மீறலில் டேவ்' எனப் பொருள்படும் குறும்புப் பெயரும் சூட்டினர். காலையில் அதனைக் கண்ட ரொமேரோ, இனி இங்கே ஊதியத்துக்குப் பணியாற்றுவதில் பொருளில்லை எனக் கருதினார். அவ்விருவரோடு ரொமேரோவும் ஓவியர் ஏட்ரியன் கார்மாக்கும் சேர்ந்து 1991 பிப்ரவரியில் 'இட் சாப்ட்வேர்' நிறுவனத்தைத் தொடங்கினர். ஏட்ரியனுக்கும் ஜானுக்கும் பெயரில் ஒற்றுமையே தவிர உறவில்லை. 1992 மே மாதத்தில் வெளிவந்த 'உல்பென்ஸ்டைன் 3டி' அவர்களுக்குப் பெயரும் பொருளும் ஈட்டித் தந்தது. பின்னர், டல்லஸ் நகரை அடுத்த மெஸ்கீட்டில், கறுப்புக் கண்ணாடி மூடிய கனசதுரக் கட்டடம் ஒன்றில் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து டூமை முடித்தனர்.

உல்பென்ஸ்டைனில் சுவர்கள் யாவும் ஒரே உயரம். மூலைகள் யாவும் நேர்கோணம். எங்கும் ஒரே வெளிச்சம். டூமில் தரை ஏறும், இறங்கும். சுவர் எக்கோணத்திலும் திரும்பும். ஓர் அறை இருண்டிருக்க, அடுத்த அறையில் விளக்கு மினுக்கும். இவையெல்லாம் அக்காலத்து எளிய கணிப்பொறியில் எவ்வாறு இயன்றன? கண்ணுக்குத் தெரியும் சுவர் எது, அதன் பின்னே மறைந்த சுவர் எது எனக் கணந்தோறும் கணக்கிடுவது பெருஞ்சுமை. 1980-இல் புக்ஸ், கெடெம், நேய்லர் என்னும் மூவர் ஓர் ஆய்வுரையில் இதற்கு வழி கூறியிருந்தனர். களம் முழுவதையும் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரி. ஒவ்வொரு பாதியையும் மீண்டும் இரண்டாகப் பிரி. இவ்வாறு பிரித்துப் பிரித்து ஒரு மரத்தின் கிளைகளைப்போல் முன்னதாகவே அடுக்கி வை. ஆடுவோன் எங்கே நின்றாலும், அம்மரத்தை ஒருமுறை வழிநடந்தால் அண்மையில் உள்ளது எது, சேய்மையில் உள்ளது எது என்பது வரிசையாகக் கிடைத்துவிடும். ஆட்டத்தின்போது செய்ய வேண்டிய உழைப்பில் பெரும்பகுதி, களம் அமைக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. விருந்துக்கு முதல் நாளே காய் நறுக்கி வைக்கும் சமையற்காரரின் முறை இதுதான். கார்மாக் இவ்வழியைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஆனால் ஓர் ஆய்வுரைக்குள் கிடந்ததை மக்கள் ஆடும் ஆட்டத்துக்குக் கொணர்ந்த பெருமை அவருடையதே.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. டூமின் களம் உண்மையில் ஒரு தரைப்படம். உயரம் அதன்மேல் எழுதிய எண். ஆதலின் ஓர் அறையின்மேல் மற்றோர் அறை அமையாது. மாடியும் கீழ்த்தளமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரா. ஆடுவோன் தலை நிமிர்ந்து மேலே பார்க்கவும் இயலாது. ஆடும்போது இக்குறைகள் எவருக்கும் தோன்றுவதில்லை என்பதே வியப்பு. நேர் எதிரே பார்த்துக்கொண்டு விரைந்து ஓடுபவனுக்குக் கூரையை நோக்க நேரமேது?

இனி அச்சத்துக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்பார்: வருத்தும் தெய்வங்களாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவராகிய இறை. டூமில் முதலிரண்டும் நிறைந்துள்ளன. அரக்கர் உருவங்களுட் சிலவற்றைக் களிமண்ணிலும் பிறவற்றிலும் பொம்மைகளாகச் செய்து, பல கோணங்களில் படம்பிடித்துத் திரைக்குள் கொணர்ந்தனர். அவற்றில் கையால் பிசைந்த பொருளின் கனம் இன்றும் தெரிகிறது. ஆயினும் உருவத்தைவிட ஓசையே அஞ்ச வைக்கிறது. அரக்கனின் மூச்சு இடப்பக்கத்திலிருந்து வந்தால் இடச்செவியில் மிகுந்து கேட்கும். தொலைவில் இருந்தால் தணிந்து கேட்கும். நீங்கள் சுட்டால் அவ்வோசை திறந்த வழிகளிலெல்லாம் பரவி, எங்கோ உறங்கியிருந்ததை எழுப்பிவிடும். அரக்கர் ஒருவர்மேல் ஒருவர் தவறிச் சுட்டுக்கொண்டால் தமக்குள்ளேயே போரிடத் தொடங்குவர். தேர்ந்த ஆட்டக்காரர் நடுவே ஓடி அவர்களை மூட்டிவிட்டு ஒதுங்கி நிற்பர். திரையின் அடியில் ஒரு சிறு முகம் இருக்கிறது. ஆடுவோனின் முகம் அது. காயம் படப்பட அதில் குருதி வழியும். அடி வந்த திசை நோக்கி அதன் கண் திரும்பும். இருட்டில் தனித்திருப்பவனுக்குத் துணை அந்த முகம் ஒன்றே. அக்கலைஞர்களின் நுட்பத்துக்கு இந்தச் சிறு முகத்தையே சான்றாக நாம் காட்டுவோம்.

1993 டிசம்பர் 10-ஆம் நாள் இந்த ஆட்டம் கடையில் வெளிவரவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி ஒன்றில் ஏற்றப்பட்டது. காத்திருந்தோர் நெருக்கடியால் ஏற்றுபவருக்கே முதலில் உள்ளே நுழைய இடம் கிடைக்கவில்லை. மூன்று பகுதிகளுள் முதற்பகுதி, ஒன்பது களங்களோடு, இலவசம். 'எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர்க்கும் கொடுங்கள்' என்பதே அவ்வெளியீட்டின் முறை. விரும்புவோர் ஏறத்தாழ 40 டாலர் செலுத்தி மற்ற இரு பகுதிகளையும் வரவழைக்கலாம். இலவசப் பகுதியே நிறைவான ஆட்டமாக இருந்தமையால் பெரும்பாலோர் அதனோடு நின்றனர். ஆயினும் வாங்கியோரின் தொகையே நிறுவனத்தைச் செல்வமாக்கப் போதுமானதாயிற்று. ஈராண்டுக்குள் ஒரு கோடி முதல் இரண்டு கோடிப் பேர் வரை ஆடியிருப்பர் என மதிப்பிட்டனர். 1995-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 95-ஐ ஆட்டக்காரரிடையே பரப்பக் கருதியபோது, பில் கேட்ஸ் நீண்ட அங்கி அணிந்து, கையில் துப்பாக்கியோடு, டூமின் களத்துக்குள் நிற்கும் விளம்பரப் படம் ஒன்றை எடுத்தது.

டூம் பிறந்த அந்த இரவில் பெங்களூர் எங்கே இருந்தது? இணையம் நம் நாட்டுப் பொதுமக்களுக்குத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள். அதற்கு முன் இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில கல்விக்கூடங்களுக்கே 'எர்னெட்' வழியாக அவ்வசதி இருந்தது. பிரிகேட் சாலையில் காபியோடு இணையமும் தரும் காபி டே கடை திறந்தது 1996 ஜூலையில். விவேக் நகரிலிருந்து அது தொலைவன்று. அன்றைய கட்டணம்தான் மாணவருக்குத் தொலைவாயிருந்தது. ஆகவே டூம் நம்மிடம் கம்பி வழியே வரவில்லை. கையிலிருந்து கைக்கு வந்தது. இங்கே எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு, அலுவலகத்து நண்பர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சிற்றப்பா என இவ்வழிகளில் பிளாப்பித் தட்டுகளில் படியெடுக்கப்பட்டுப் பரவியது. இலவசப் பகுதியைப் படியெடுத்தல் குற்றமன்று. மற்றப் பகுதிகளும் அவ்வழியே வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

படியெடுத்தல் என்னும் சொல் தமிழருக்குப் பழையது. ஓலைச்சுவடிக்கு வாழ்நாள் சில நூறாண்டுகளே. கறையான் தின்னும், ஓரம் முறியும். சுவடி சிதையுமுன் வேறோர் ஏட்டில் யாரேனும் பெயர்த்தெழுதினால் நூல் வாழும். இல்லையேல் பெயர் மட்டும் எஞ்சும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்ற முடிந்ததென்றால், அதற்குமுன் பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து எழுதியிருந்தனர் என்பது பொருள். கணிப்பொறி நிரலின் வாழ்நாளோ ஓலையினும் குறைவு. தட்டு பழுதாகிறது, தட்டைப் படிக்கும் பொறி வழக்கொழிகிறது, பொறி இருந்தாலும் அதன் இயக்க முறை மாறிவிடுகிறது. பத்தே ஆண்டில் ஓர் ஆட்டம் எவரும் படிக்க முடியாத சுவடியாகிவிடும். டூமுக்கு அக்கதி நேராமைக்குக் காரணம், அதனை ஆக்கியோர் செய்த இரு செயல்கள்.

முதலாவது, ஆட்டத்தின் இயந்திரத்தையும் அதன் சரக்கையும் அவர்கள் தனித்தனியே வைத்தனர். படம், ஓசை, களம் ஆகிய அனைத்தும் 'வாட்' எனப்படும் தனிக் கோப்பில் இருக்கும். இயந்திரம் அதனைப் படித்துத் திரையில் காட்டும். 'சரக்கெல்லாம் எங்கே?' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே 'வாட்' என்னும் அப்பெயர். விளையாட்டாக வைத்த பெயர். உல்பென்ஸ்டைன் ஆட்டத்தை அன்பர் சிலர் தாமாகவே பிரித்து மாற்றியமைத்ததைக் கார்மாக் கண்டிருந்தார். அவரைத் தடுப்பதற்கு மாறாக, அடுத்த ஆட்டத்தில் அவருக்கு வழி எளிதாக்கிக் கொடுத்தார். மூலத்தை அழிக்காமலே புதிய கோப்பொன்றை அதன்மேல் ஏற்றி ஆடலாம். இது நிறுவனத்தின் வருவாய்க்குக் கேடு எனக் கருதினோர் உள்ளேயே இருந்தனர். ஆனால் 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அன்பர்கள் களம் அமைக்கும் கருவியை இயற்றிவிட்டனர். அவ்வாண்டின் முடிவுக்குள் 'ஏலியன்ஸ்' திரைப்படத்தைத் தழுவி ஆட்டம் முழுவதையும் உருமாற்றிய ஆக்கம் ஒன்று வந்தது. 1996-இல் 'பைனல் டூம்' என்னும் பெயரில் நிறுவனமே வெளியிட்ட களங்கள், அன்பராயிருந்து கைதேர்ந்தோர் அமைத்தவை. வாசகர் புலவரானதுபோல் ஆட்டக்காரர் ஆக்குநராயினர்.

இரண்டாவது செயல், நாம் தொடக்கத்தில் குறித்த 1997 டிசம்பர் வெளியீடு. வாட் கோப்புகள் திறந்திருந்தாலும் இயந்திரம் மூடியே இருந்தது. காலம் அதனை உண்டுவிடும். மூல நிரல் வெளிவந்ததும் அந்த அச்சம் நீங்கிற்று. 1999-இல் அதனைப் பொது உரிமத்தின்கீழ் மாற்றி வெளியிட்டனர். அஃதாவது, எவரும் திருத்தலாம், எவருக்கும் தரலாம், திருத்தியதையும் அவ்வாறே திறந்து வைக்க வேண்டும். ஆட்டத்தின் படமும் ஓசையும் நிறுவனத்தின் உடைமையாகவே நின்றன. அவை இன்றும் விலைக்கு விற்கின்றன. அவற்றுக்கு ஈடாக இலவசப் படங்களும் ஓசைகளும் படைத்து 'ப்ரீடூம்' எனப் பெயரிட்டனர் அன்பர். வணிகத்தையும் பொதுநலத்தையும் இவ்வளவு தெளிவாகக் கோடிட்டுப் பிரித்த செயல் அத்துறையில் அந்நாளில் அரிது. கார்மாக்கின் பிற சாதனைகள் எவ்வளவோ புகழப்படுகின்றன. இதனையே நாம் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்போம்.

அதன்பின் நிகழ்ந்தது ஒரு வேடிக்கை. புதிதாக எந்தப் பொறி கையில் கிடைத்தாலும் அதில் டூம் ஓடுமா எனப் பார்ப்பது பொறியாளரிடையே வழக்கமாயிற்று. 2014-இல் அச்சுப்பொறி ஒன்றின் சிறு திரையில் ஓட்டிக் காட்டினர். அப்பொறியின் பாதுகாப்பு எவ்வளவு தளர்ந்தது என்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். 2020-இல் கருப்பம் அறியும் சோதனைக் கருவியில் ஓடிற்று என்று செய்தி பரவியது. உண்மையில் உறை மட்டுமே அக்கருவியினுடையது, உள்ளிருந்த திரையும் மூளையும் மாற்றப்பட்டவை. அதே ஆண்டு ஒருவர் ஏறத்தாழ 45 கிலோ உருளைக்கிழங்கை மின்கலமாக்கி, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கணக்குப் பொறி ஒன்றில் ஓட்டினார். இந்நிறுவனம் பெங்களூருக்கு அயலன்று. 1985-இல் அயல்நாட்டு நிறுவனங்களுள் முன்னோடியாக இந்நகரில் வடிவமைப்பு நிலையம் திறந்தது அது. அதன் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி மாட்டு வண்டியில் வந்திறங்கிய கதையை இங்கே இன்றும் சொல்வர். அதன் தலைமையகம் இருப்பது டல்லஸ். டூம் பிறந்த மெஸ்கீட் அதன் புறநகர்.

இனி, பெற்றோர் பலருடைய மனத்தில் எழும் கேள்விக்கு வருவோம். கொலையே தொழிலான ஆட்டத்தைப் போற்றுவது தகுமா? இக்கேள்வி புதிதன்று. ஜெர்மனி 1994-இல் டூமை இளைஞர்க்குத் தீங்கான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே அதனை விளம்பரம் செய்யவோ சிறார்க்கு விற்கவோ இயலாதாயிற்று. 2011-இல்தான் அத்தடை நீங்கியது. அமெரிக்காவில் 1999 ஏப்ரல் 20-ஆம் நாள் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர் பதின்மூவரைக் கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டனர். அவர்கள் டூம் ஆடியோர், அவருள் ஒருவன் அதற்குக் களங்கள் அமைத்தவன் என்பது தெரிந்ததும் நாடே ஆட்டத்தின்மேல் சினந்தது. அந்தச் சினத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பிள்ளையை இழந்தோரின் சினம் அது. ஆனால் அதே ஆட்டத்தைக் கோடிக்கணக்கானோர் ஆடி, எழுந்து, கைகழுவி, உணவுண்ணச் சென்றனர் என்பதும் மெய். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் இரண்டாம் டூமை மாற்றியமைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். அவர்கள் அதில் கற்பித்தது குறிபார்த்துச் சுடுவதை அன்று. சிறு குழுவாக ஒருவரோடொருவர் ஒத்துச் செயற்படுவதை.

போர்க்களத்துக் கொடுமையைச் சுவைப்பொருளாக்குவதும் இக்காலத்தார் கண்ட புதுமையன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பந்தி வைக்கின்றன. அதனைப் பள்ளியில் பாடமாகப் பயின்ற நாம் எவரும் கூழ் சமைக்கப் புறப்பட்டதில்லை. ஆயினும் பரணியைப் படிக்கும் வயது ஒன்று உண்டு, டூமுக்கும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையை இருட்டறையில் தனியே அந்த ஆட்டத்தின்முன் உட்கார வைப்பதை நாம் ஒப்புக்கொள்ளோம். அமெரிக்க ஆட்ட நிறுவனங்கள் 1994-இல் வயது வரையறுக்கும் அமைப்பொன்றை ஏற்படுத்தியது நற்செயலே. சைபர் கபேக்களிலும் பிளாப்பித் தட்டுகளிலும் அவ்வரையறை நம்மை வந்தடையவில்லை என்பது தனி வருத்தம்.

பெங்களூரின் சொந்தக் கதையையும் ஒரு சொல் கூறவேண்டும். டூமின் நிரல் திறந்த அதே 1997-ஆம் ஆண்டிலேதான் இந்நகரில் 'துருவா இன்டராக்டிவ்' என்னும் நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் கணிப்பொறி ஆட்டம் இயற்றப் புகுந்த முதல் நிறுவனங்களுள் ஒன்று அது. காலப்போக்கில் அயல்நாட்டார் இயற்றும் ஆட்டங்களுக்குப் படமும் உருவமும் செய்து தருவதே அதன் பெருந்தொழிலாயிற்று. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. நம் கைத்திறன் உலக ஆட்டங்களுள் புகுந்திருக்கிறது. ஆனால் அவ்வாட்டங்களின் நிரல் பிறருடைய பெட்டியில் பூட்டியிருக்கிறது. முப்பது ஆண்டுக்குப் பின் அவற்றை எவர் திறந்து பார்ப்பர்? டூமின் நிலை வேறு. ஆஸ்டின் டவுனிலோ ஈஜிபுரத்திலோ ஒரு மாணவி, பழைய மடிக்கணிப்பொறி ஒன்றில், காசு எதுவும் தராமல் அந்த நிரலைத் திறந்து, மரம்போல் கிளை பிரியும் அந்தக் கணக்கு எந்த வரியில் நிகழ்கிறது எனப் படித்தறியலாம், விரும்பினால் மாற்றலாம், மாற்றியது பிடிக்காவிட்டால் பழையபடியே வைக்கலாம். ஆட்டத்துக்கு நேரமில்லாதவரும் அதில் பாடம் கற்கலாம்.

ஆக்கியோர் பிரிந்துபோயினர். ரொமேரோ 1996-இல் விலகினார். கார்மாக் 2013-இல் விலகினார். நிறுவனம் 2009-இல் ஜெனிமேக்ஸ் வசமும், பின்னர் 2021-இல் மைக்ரோசாப்ட் வசமும் சென்றது. டூமின் பெயரில் புதிய ஆட்டங்கள் 2004, 2016, 2020, 2025-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றுள் 2016-இல் வந்தது நன்று. ஆயினும் பழைய டூமை எதுவும் இடம்பெயர்க்கவில்லை. முப்பதாவது ஆண்டு நிறைவாகிய 2023 டிசம்பர் 10-ஆம் நாள், ரொமேரோ 1993-ஆம் ஆண்டின் அதே ஆட்டத்துக்குத் தாமே ஒரு புதிய தொகுதி அமைத்து, 'சிகில் 2' என வெளியிட்டார். அவ்வாண்டின் மார்ச் மாதத்தில், அன்பர் ஒருவர் ஒரு வீட்டைக் களமாக அமைத்து வெளியிட்டிருந்தார். பார்க்க எளிய வீடு. கதவைத் திறந்து திரும்பி வரும்போதெல்லாம் அதன் அறைகள் இடம் மாறியிருக்கும். மேலே அறை, கீழே அறை என ஒன்றன்மேல் ஒன்றாக அமையாத அந்தப் பழைய இயந்திரத்தை முப்பதாண்டுக் காலம் அன்பர்கள் திருத்தித் திருத்தி வளர்த்து வந்தமையால், அவ்வீட்டுக்கு இப்போது மாடியும் இருக்கிறது.